கூட்டினால் ஒன்பது

காயல்பட்டினத்தில் நம் வீட்டுக் கொல்லையில், கிணற்றடிக்குத் தெற்கே ஓர் ஓட்டுக் கொட்டகை உண்டு. 1996ஆம் ஆண்டு முதல் 2022ஆம் ஆண்டு வரை, இருபத்தாறு ஆண்டுக் காலம், அதில் ஒரு கார் அசையாமல் நின்றது. கோழிகள் அதன் கீழே முட்டையிட்டன. உம்மா அதன் கூரைமேல் வடகம் காயப்போட்டார்கள். வீட்டுப் பிள்ளைகள் அதனுள் ஒளிந்து விளையாடி வளர்ந்து, திருமணமாகிப் போனார்கள். அது ஏன் ஓடவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் நம் வீட்டில் ஒரே பதில்தான் இருந்தது: “மெக்கானிக் அண்ணாச்சி எஞ்சினைக் கெடுத்துவிட்டார்.”

அந்தப் பதில் உண்மையா என்பதை எஞ்சினே நமக்குச் சொல்லியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கார் 1977ஆம் ஆண்டின் அம்பாசிடர், மார்க் 3. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசையைத் தழுவி, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் செய்யப்பட்ட வண்டி அது. 2014ஆம் ஆண்டு மே மாதத்தோடு அந்த ஆலையில் உற்பத்தி நின்றுவிட்டது. வாப்பா அதை 1984இல் பழைய வண்டியாக வாங்கினார்கள். மணப்பெண்ணை அழைத்து வரவும், நோயாளியைத் திருநெல்வேலிக்குக் கொண்டு செல்லவும், கொழும்பிலிருந்து வருபவரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வரவும் அந்த வண்டிதான் தெருவுக்கே பொது வண்டி.

1993இல் அது நீலப்புகை கக்கத் தொடங்கிற்று. நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து போயிருந்தன. ஆறுமுகநேரிச் சாலையில் பட்டறை வைத்திருந்த அண்ணாச்சியை வாப்பா அழைத்தார்கள். அவர் நம் கொட்டகையிலேயே எஞ்சினை இறக்கி, பாளத்தை மட்டும் தூத்துக்குடி லேத்துப் பட்டறைக்கு அனுப்பிச் சிலிண்டர்களைக் கடைந்து, மூன்று வாரத்தில் கட்டிக் கொடுத்தார். கல்லூரி விடுமுறையில் இருந்த நாம்தான் அவருக்கு எடுபிடி. ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும், மண்ணெண்ணெயில் உதிரிகளைக் கழுவுவதும் நம் வேலை.

வேலையின் கடைசி நாளில் அவர் நமக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார். “தம்பி, வால்வு எட்டு. முன்னாலேருந்து பின்னாலே ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கோங்க. எட்டாவது முழுசாத் திறந்து நிக்கும்போது ஒண்ணாவதைச் சரிபண்ணணும். ஆறாவது திறந்து நின்னா மூணாவதை. எப்பவும் கூட்டினா ஒன்பது வரணும். வந்தா தப்பாது.” நாம் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, அவர் இடைவெளியை அளந்து அளந்து நட்டை இறுக்கினார். அந்த இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் பதினைந்து கூறு. அதைவிடக் குறைந்தால் என்ன என்று கேட்டோம். “சத்தம் போடுற வால்வு கெடாது தம்பி. சத்தம் போடாம இறுக்கமா இருக்கிறதுதான் உள்ளுக்குள்ளே எரிஞ்சு போகும்” என்றார்.

மூன்று ஆண்டுகள் வண்டி மணியாக ஓடியது. பிறகு 1996ஆம் ஆண்டின் கோடை வந்தது.

நமக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மேலப்பாளையத்தில் ஒரு நண்பரின் திருமணம். வாப்பாவிடம் சாவியை வாங்கிக்கொண்டு ஐந்து பேராகப் போனோம். திரும்பும் வழியில் செய்துங்கநல்லூரைத் தாண்டியபோது வெப்பம் காட்டும் முள் மேலேறத் தொடங்கிற்று. பார்த்தோம். பேச்சும் சிரிப்பும் நிறைந்திருந்த வண்டியில் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று மிதித்தோம். முள் சிவப்பைத் தொட்டது. எஞ்சின் வலுவிழந்து, உள்ளே ஏதோ பிடிப்பதுபோல் முனகி, நின்றது. மூடியைத் திறந்தபோது ஆவி சீறியது. கால்மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. பக்கத்து வாய்க்காலிலிருந்து குளிர்ந்த நீரை அள்ளி ஊற்றினோம். பிறகு நின்று நின்று, ஊற்றி ஊற்றி, இஷாவுக்குப் பிறகு வீடு வந்து சேர்ந்தோம். வாப்பா உறங்கியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் வண்டி வெள்ளைப்புகை விட்டது. அண்ணாச்சி வந்தார். அடித்தட்டின் திருகைக் கழற்றி எண்ணெயை வடித்தார். அது மோரைப்போல் வெளுத்திருந்தது. சற்று நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, நம் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “தம்பி, வண்டி எங்கேயும் கொதிச்சுதா?”

வாப்பா பக்கத்தில் நின்றார்கள். “இல்லை” என்றோம்.

அவர் இன்னொரு முறை கேட்கவில்லை. ஹெட்டைத் திறந்து பார்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னார். வாப்பாவுக்குக் கோபம். மூன்று ஆண்டுக்கு முன்புதான் அத்தனை பணம் செலவழித்திருந்தார்கள். “திறந்தது போதும். வேலையில் நாணயம் வேண்டும் அண்ணாச்சி” என்றார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு நெடுநேரம் கொட்டகையில் ஏதோ செய்துகொண்டிருந்தார். பிறகு கைகளைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

வாப்பா சொன்ன சொல் கொட்டகையோடு நிற்கவில்லை. நம் தெருவிலும் அடுத்த தெருவிலும் அந்நாளில் பதினொரு கார்கள் இருந்தன. ஓராண்டுக்குள் அவற்றில் ஒன்றுகூட அந்தப் பட்டறைக்குப் போகவில்லை. 2001இல் வாப்பா மறைந்தார்கள். நாம் வளைகுடா நாடொன்றில் ஒரு கப்பல் பட்டறையின் பண்டகசாலையில் கருவிகளுக்குக் கணக்கு எழுதும் வேலையில் இருபது ஆண்டுகளைக் கழித்தோம். மைக்ரோமீட்டரைப் பிறருக்கு எடுத்துக் கொடுத்தோமே தவிர, அதைக்கொண்டு எதையும் அளந்ததில்லை.

ஊர் திரும்பியபின் லாத்தாவின் மகன் ஒருநாள் வந்தான். பாலிடெக்னிக்கில் மோட்டார் வாகனப் படிப்பு முடித்திருந்தவன். “மாமா, இந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போடாதீங்க. நாம ரெண்டு பேரும் கட்டிடலாம்” என்றான். நாம் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வண்டியின்மீது கொண்ட ஆசை மட்டுமன்று. வேலையில்லாத கைகளும் பொழுதும்தான் பெருங்காரணம். எஞ்சினுக்குள் என்ன இருக்கும் என்று நாம் அப்போது எண்ணவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொன்ன பதிலை நாமே பாதி நம்பிவிட்டிருந்தோம்.

முதலில் பிளக்குகளைக் கழற்றி நான்கு சிலிண்டர்களிலும் மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பத்து நாள் ஊறவிட்டோம். பதினோராம் நாள் கைப்பிடியைப் போட்டு அழுத்தியபோது ஒரு நெட்டி முறியும் ஒலியோடு கிராங்க் அசைந்தது. பிறகு எண்ணெயை வடித்தோம். மோர்போன்ற கசடு வரும் என்று பழைய வாளியை வைத்திருந்தோம். வந்தது தேன் நிறத்துப் புது எண்ணெய். காலத்தால் சற்றுத் தடித்திருந்தது, அவ்வளவே.

மருமகன் வியந்தான். “மாமா, நிறுத்திவைக்கிறதுக்கு முன்னாலே யாரோ எண்ணெயை மாத்தியிருக்காங்க. தண்ணியையும் முழுசா வடிச்சிருக்காங்க. அதனாலேதான் பேரிங் பிழைச்சிருக்கும்.”

நமக்கு அந்தப் பகல் நினைவுக்கு வந்தது. நாணயமில்லாதவர் என்று கேட்டபின் அந்த மனிதர் கொட்டகையில் நெடுநேரம் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். வெளுத்த எண்ணெயைக் கழுவி அகற்றிப் புது எண்ணெய் ஊற்றி, அது எல்லா இடமும் படும்வரை கிராங்கைக் கையால் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார். அந்த எண்ணெய்க்கு யாரும் அவருக்குக் காசு கொடுக்கவில்லை.

கூரையின் பனை உத்தரத்தில் செயின் கப்பி கட்டி எஞ்சினை வெளியே தூக்கினோம். மேசைமேல் வைத்து ஹெட்டைக் கழற்றினோம். நேர்விளிம்புள்ள எஃகுச் சட்டத்தை ஹெட்டின் முகத்தில் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், நடுவில் ஒளி கசிந்தது. வெப்பத்தில் ஹெட் வளைந்திருந்தது. இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றாம் சிலிண்டருக்கும் இடையே கேஸ்கெட் கருகித் தின்னப்பட்டிருந்தது. அவ்விரு சிலிண்டர்களின் சுவரிலும் மேலிருந்து கீழாக நெடுங்கீறல்கள். கீறல்களில் வெள்ளியைப் பூசியதுபோல் அலுமினியம் ஒட்டியிருந்தது. துரு திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். இப்படி நேர்கோடாக விழாது. கொதித்த எஞ்சினில் பிஸ்டன் அளவுக்கு மீறி விரிந்து சுவரைப் பிடித்து உராய்ந்ததன் தடம் அது என்று மருமகன் விளக்கினான். அவன் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். நமக்கோ அது சாட்சியம் கேட்பதுபோல் இருந்தது.

ஒன்றாம் சிலிண்டரிலும் நான்காம் சிலிண்டரிலும் அடிப்பகுதியில் 1993இன் சாணைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இன்னும் அழியாமல் இருந்தன. இணைப்புத் தண்டுகளின் மூடிகளில் ஒரு புள்ளி, இரு புள்ளி, மூன்று, நான்கு என்று அவர் உளியால் அடித்த அடையாளங்கள் வரிசை தவறாமல் இருந்தன. வளையங்களின் வாய்கள் ஒன்றன்மேல் ஒன்று நேராமல் விலக்கி வைக்கப்பட்டிருந்தன. பேரிங்குகளின் சாம்பல் முகத்தில் தேய்மானம் ஒரே சீராக இருந்தது. மைக்ரோமீட்டரை முதல் முறையாக நாமே பிடித்துக் கிராங்கை அளந்தோம். எல்லா இடமும் உரிய அளவுக்குள்தான் இருந்தது. ரேடியேட்டரை அறுத்துப் பார்த்தபோது குழாய்களில் பாதி சுண்ணாம்புபோல் உப்புப் படிந்து அடைத்திருந்தன. ‘கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள், நம் ஊர்த் தண்ணீர் உப்பு, மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள்’ என்று அவர் 1993இலேயே சொல்லியிருந்தார். கிணறு கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தது. மழைத் தண்ணீரைச் சேர்த்துவைக்க நமக்குப் பொறுமை இல்லை.

ஆக, எஞ்சினைக் கெடுத்தவர் யார் என்பதில் ஐயம் எதுவும் மிஞ்சவில்லை. மருமகனிடம் அன்று மாலையே சொல்லிவிட்டோம். அவன் தலை குனிந்தபடி ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, “கட்டி முடிப்போம் மாமா. முடிச்சிட்டு அவங்களைப் போய்ப் பார்ப்போம்” என்றான்.

“இல்லை, முதலில் பார்ப்போம்” என்றோம்.

ஆறுமுகநேரிச் சாலையில் அந்தப் பட்டறை இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே மூடிவிட்டார்களாம். கேட்டுக் கேட்டு அவர் வீட்டை அடைந்தோம். எண்பதைக் கடந்திருந்தார். காது மந்தம். நம்மை அடையாளம் கண்டுகொண்டு, “வாங்க தம்பி, முதலாளி வீட்டுத் தம்பியா?” என்று எழுந்தார். வழியெல்லாம் சொற்களை அடுக்கி வைத்திருந்தோம். சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: “அண்ணாச்சி, அன்னைக்கு வண்டி கொதிச்சுது. நான் பொய் சொல்லிட்டேன். இப்பத் திறந்து பார்த்தேன்; உங்க வேலையிலே ஒரு குறையும் இல்லை. என்னை மன்னிக்கணும்.” காது கேட்காததால் அதை இருமுறை, உரத்த குரலில் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளே இருந்த அவருடைய பிள்ளைகளும் மருமக்களும் வாசலுக்கு வந்து கேட்டார்கள். அப்படி நேர்ந்ததே முறை என்று இப்போது தோன்றுகிறது.

அவர் சிரித்தார். “எண்ணெயைப் பார்த்தப்பவே தெரியும் தம்பி.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லலை?”

“தகப்பனுக்கு முன்னாலே மகனைப் பொய்யன்னு எப்படிச் சொல்றது?” என்றார். சற்றுப் பொறுத்து, “அப்புறம் நாலஞ்சு வருசம் கஷ்டந்தான்” என்றார். அந்த இரண்டாம் வாக்கியத்தை அவர் மறைக்காமல் சொன்னதற்கு நாம் நன்றியுடையோம். உடனே பேச்சை மாற்றி, “போர் எத்தனைக்குப் பண்ணப் போறீங்க?” என்று கேட்டார்.

எஞ்சினைக் கட்ட நான்கு மாதங்கள் பிடித்தன. அவர் 1993இல் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது கூறு கடைந்திருந்தார். கீறல் போக வேண்டுமானால் நாற்பது வரை போக வேண்டும் என்று லேத்துப் பட்டறையில் சொன்னார்கள். அதற்குமேல் சுவர் தாங்காது. இனி ஒரு முறை இந்தத் தவறுக்கு இடமில்லை. ஆலையிலிருந்து வந்தபோது இந்த எஞ்சினின் கொள்ளளவு 1489 கன சென்டிமீட்டர். கடைந்தபின் சுமார் 1531. ஹெட்டின் முகத்தைச் சமன் செய்தோம். முன்பு பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது; அது வால்வு அமரும் இடத்துக்குக் காவலாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் ஈயம் நீக்கப்பட்டுவிட்டதால், புகைபோகும் வால்வுகள் நான்குக்கும் கடினமான எஃகு வளையங்களைப் பதித்தோம். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் இளகிவிடும், அவற்றையும் மாற்றினோம். பிஸ்டன்களும் வளையங்களும் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து வந்தன. பதிவைப் புதுப்பிக்க அலைந்தது தனிக்கதை, இங்கே வேண்டாம்.

கிராங்கை வைத்து மூன்று முதன்மை மூடிகளையும் ஒவ்வொன்றாக முறுக்கினோம். ஒன்றை முறுக்கியதும் கையால் சுற்றிப் பார்ப்பது, சுற்றினால் மட்டும் அடுத்ததை முறுக்குவது: இதுவும் அவர் முறைதான். பிளக்குகள் இல்லாமலே சுற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறியபின்தான் பற்றவைத்தோம். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற வரிசையில் நான்கு சிலிண்டர்களும் வெடிக்க வேண்டும். முதல் முயற்சியில் பிளக் கம்பிகள் இரண்டை இடம் மாற்றிச் செருகியிருந்தோம். கார்புரேட்டர் வழியே ஒரு வெடி வெடித்துக் கோழிகள் மதிலேறின. இரண்டாம் முயற்சியில் எஞ்சின் எழுந்தது. உம்மா கொல்லை வாசலில் வந்து நின்றார்கள். வாப்பாவின் பெயரைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்றிரவுதான் உம்மாவிடமும் உண்மையைச் சொன்னோம். “வாப்பா இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே” என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கு நம்மிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.

எஞ்சின் ஓடியது, ஆனால் ஓட்டம் சீராக இல்லை. ஒரு ஞாயிறு அஸருக்குப் பின் அண்ணாச்சியை ஆட்டோவில் அழைத்து வந்தோம். இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தார். நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்தார். கார்புரேட்டரின் உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் நகத்தின் கனமளவு தூக்கினார். தூக்கும்போது எஞ்சின் வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. சற்றே கூடி உடனே தணிந்தால் கலவை சரி. நம் எஞ்சினில் வேகம் கூடியபடியே நின்றது. கீழே இருந்த ஆறுமுக நட்டில் ஒரு முகம் திருப்பினார்; தூக்கிப் பார்த்தார். இன்னொரு முகம் திருப்பினார். இப்போது எஞ்சின் சற்றே எழும்பி அடங்கியது.

பிறகு நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வால்வு மூடியின்மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதோரத்து எலும்பில் வைத்தார். மந்தமான காதுக்கு எலும்பு கேட்டுச் சொல்லியது. கண்களை மூடியபடி மூடியின் நீளமெங்கும் நுனியை நகர்த்தினார். ஓரிடத்தில் நின்றது. “தம்பி, அஞ்சாவது சத்தமே போடலை. இறுக்கமா இருக்கு” என்றார்.

எஞ்சினை அணைத்து மூடியைத் திறந்தோம். மருமகன் கைப்பிடியைச் சுற்றினான். நாம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நான்காம் வால்வு முழுவதும் இறங்கித் திறந்து நின்றது.

“நாலும் அஞ்சும்?” என்றார் அவர்.

“ஒன்பது” என்றோம்.

ஃபீலர் தகடு நுழையவில்லை. அவர் சொன்னது சரியே. நட்டைத் தளர்த்தி, அளவு வைத்து, மறுபடி இறுக்கினோம். எஞ்சின் இப்போது லேசாகத் தட்டிக்கொண்டே ஓடியது. அவர் தலையசைத்தார்.

கட்டுரை வாசிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். இந்த இதழ் நம் ஊரில் பல வீடுகளுக்குப் போகிறது. ‘அந்த மெக்கானிக்கிடம் விடாதீர்கள், எஞ்சினைக் கெடுத்துவிடுவார்’ என்று அந்நாளில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட வீடுகளும் அவற்றில் உண்டு. அந்தச் சொல் நம் கொட்டகையிலிருந்து புறப்பட்டது. அது பொய். சொன்னவர்களும் கேட்டவர்களும் பலர் இன்று இல்லை. இருப்பவர்களின் பிள்ளைகளாவது இதை அறிய வேண்டும். வளைந்த ஹெட்டைச் சமன் செய்ய லேத்துப் பட்டறை இருக்கிறது. மூடிப்போன ஒரு பட்டறையைத் திறந்து கொடுக்க நம்மால் ஆகாது.

புதிதாகக் கட்டிய எஞ்சினை முதல் 800 கிலோமீட்டர் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். அதன்பின் ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக, வரிசைப்படி மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். அன்றைக்குத் தாமும் வருவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். இன்று காலை வரை 610 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. ரேடியேட்டரில் மழைத் தண்ணீர் நிற்கிறது. ஓட்டும்போது நம் கண் சாலைக்கும் அந்த முள்ளுக்குமாகப் போய்ப் போய் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன பேசினாலும், முள் அசைந்தால் முதலில் அதைத்தான் சொல்கிறோம்.